ஹேட்

அக்கரைப்பற்றில், கோட்டுக்கு எதிரே,
போட்டோகொப்பிக் கடையில் இரண்டாவது மேசை என்னுடையது.
ஒரு பக்கம் டைப் அடிக்க நூறு ரூபாய்,
ஆங்கிலப் பிழை திருத்தினால் மேலே ஐம்பது.
பெரும்பாலும் நான் திருத்துவது ஒரே பிழை.

இன்று காலை மாணிக்கப்போடியார் வந்தார்,
மடித்துக் கட்டிய சாரனில் சேறு.
காப்புறுதிக் கந்தோருக்கு மகன் எழுதிக் கொடுத்த கடிதம்:
வட்டைக்குள் தண்ணீர் வந்தது.
“இப்பயும் நிக்குதா?”
“இடுப்பளவு நிக்குது புள்ள.”
அப்படியென்றால் வந்தது இல்லை, வந்திருக்கிறது.
வந்தது என்று எழுதினால்
வந்தது, வடிந்தது, கதை முடிந்தது என்று
ஃபைலை மூடிவிடுவார்கள்.
ஒரு ஹேஸ் போட்டேன்.
சாகாமத்து வெள்ளம்
கடிதத்துக்குள் மறுபடி ஏறி நின்றது.

திலோஜினிக்குத் தலைகீழ்.
இரண்டாயிரத்துப் பத்தொன்பதில்
கார்மண்டில் வேலை செய்திருக்கிறேன் என்று
விண்ணப்பம் எழுதி வந்திருந்தாள்.
வருடத்தைச் சொன்னால் ஹேவ் நிற்காது தங்கச்சி,
கடன்காரனைக் கண்ட ஆள்போல ஓடிவிடும்.
சிரித்தாள்.
வருடத்தை வெட்டுவதா ஹேவை வெட்டுவதா என்று
நகத்தைக் கடித்தபடி நின்று
கடைசியில் ஹேவை வெட்டினாள்.
அந்த வருடத்தில் அவளுக்கு என்னவோ இருக்கிறது.
நான் கேட்கவில்லை.

டெக்னிக்கல் கொலேஜில் இதற்கெல்லாம் அட்டவணை போட்டார்கள்.
நானாகக் கண்டுபிடித்தது வேறு:
வெள்ளைக்காரன்
முடிந்துபோனதைக் கையில் வைத்திருக்கிறான்.
நாங்கள் வைத்திருப்பதில்லை. அதுவே வந்து இருக்கிறது.
வந்திரிக்கி, போயிரிக்கி, மௌத்தாயிரிக்கி,
கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு
நமக்குப் பக்கத்திலேயே இரிக்கி.

ஹேட் மட்டும் வேறு ரகம்.
தனியாக ஒரு வீட்டுக்கும் வராது.
நான் போனபோது பஸ் போயிருந்தது:
ஒன்று முன்பே முடிந்திருக்க
இன்னொன்று பிந்தி வந்து கதவைத் தட்ட வேண்டும்.

லுஹருக்குக் கடையைப் பாதி சாத்திய நேரம்
அஸ்மிரின் மெசேஜ்.
தோஹாவில் ஆறாவது வருடம்,
ஃபோர்மன் ஆனதிலிருந்து எனக்கும் ஆங்கிலத்தில்தான்.
ஐ ஹேட் லவ்ட் யூ ஸம்றா.
அவ்வளவுதான்.
முடிவில் ஒரு முற்றுப்புள்ளி.
அவர் முற்றுப்புள்ளி வைக்கிற ஆள் இல்லை.

போன மாதம் ஐ ஹேட் சென்ட் மணி என்றார்,
காசு வந்தது.
பெருநாளன்று ஐ ஹேட் ஈட் புரியாணி,
படத்தில் கோப்பை நிறையச் சோறு
கை படாமல் இருந்தது.
அவருக்கு எல்லாமே ஹேட்தான்.
எனக்குத் தெரியும். ஆறு வருடமாய்த் தெரியும்.
இருந்தும்
அடுத்த வசனத்துக்காகப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
அந்த இரண்டாவது சம்பவத்துக்காக.
டைப்பிங் என்று மேலே ஓடியது.
நின்றது.
ஓடியது.

கடிதமாக இருந்தால்
பேனாவை எடுத்திருப்பேன்.
ஒரு சொல். ஐம்பது ரூபாய்.

நாலு மணிக்குப் போடியார் திரும்பி வந்தார்.
கடிதத்தைக் கந்தோரில் எடுக்கவில்லையாம்,
திகதி இல்லையாம்.
திகதி போட்டால் வெள்ளம் வடிந்துவிடும் என்று
அவருக்கு எப்படிச் சொல்வது?
யோசித்து, வலது பக்க மூலையில், உயரத்தில் போட்டேன்.
அங்கே அது வசனத்தைத் தொடாது.

பிரிண்டர் சூடாகும் மட்டும்
இருவரும் சும்மா இருந்தோம்.
மேசையில் குப்புறக் கிடந்த போன்
இரண்டு தரம் அதிர்ந்தது.
“புள்ளக்குக் கோல் வருது போல.”
“மெசேஜ்தான்” என்றேன்.
“தண்ணி இறங்கியிருக்கா, போடியார்?”

“இல்ல புள்ள.
விடியக்குள்ள பாத்ததுக்கு
ஒரு சாண் ஏறியிருக்கு.”